வோச்சோ ஊருக்குப் போலாமா?

மெக்சிகோ சிட்டின்னதும் பிரமிடு, டாக்கோஸ், மாஸ்க் மாட்டின மல்யுத்த வீரர்கள்னு மனசு ஓடுதா? அதையெல்லாம் ஓரமா வெச்சிட்டு, ஒரே ஒரு நாள் நகரத்தோட வடக்குப் பக்கம் கிளம்புங்க பாஸ். மெட்ரோ மூணாம் நம்பர் லைன்ல கடைசி ஸ்டேஷன் இந்தியோஸ் வெர்தேஸ். அங்கே இறங்கி, 2021-ல் திறந்த கேபிள்பஸ்ல ஏறுங்க. தலைக்கு மேல கம்பி, காலுக்குக் கீழே மொட்டை மாடி, தண்ணி டேங்க், காயுற துணி... தொங்கிக்கிட்டே போய் இறங்குற இடம்தான் குவாவ்தெபெக். மலைச்சரிவுல ஒட்டிக்கிட்டு இருக்கிற உழைப்பாளிகள் ஏரியா. டூரிஸ்ட் ஸ்பாட் எல்லாம் கிடையாது. பகல்ல போயிட்டு பகல்லயே திரும்பிடுங்க.

இறங்கின உடனே முதல்ல வேலை செய்யறது காதுதான். தையல் மிஷினும் புல்லட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி ஒரு 'தடதட' சத்தம். திரும்பிப் பார்த்தா, முதுகு வளைஞ்ச குட்டிக் கார் ஒண்ணு செங்குத்தான தெருவுல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில்! மெக்சிகோவுல செல்லப் பேரு 'வோச்சோ'. இந்த ஏரியாவுல அது அவ்வளவு இருக்கிறதால, ஊருக்கே 'வோச்சோலாந்தியா'ன்னு பட்டப் பேரு.

பொறந்தது ஜெர்மனிதான். ஆனா, வளர்ந்து ஆளாகி ரிட்டயர் ஆனது மெக்சிகோவுல. ஜெர்மனியில 1978-ல் உற்பத்தியை நிறுத்தின பிறகு, ஜெர்மன்காரங்களே மெக்சிகோவிலிருந்து பீட்டிலை இறக்குமதி பண்ணி ஓட்டினாங்கன்னா பார்த்துக்கோங்க! கடைசி வண்டி 2003 ஜூலை 30-ம் தேதி பியூப்ளா தொழிற்சாலையிலிருந்து வந்தது. வரிசை எண் 2,15,29,464. மரியாச்சி இசைக்குழு பாட்டுப் பாடி வழியனுப்பி வெச்சது. மெக்சிகோ சிட்டி முழுக்க பச்சை உடம்பு, வெள்ளைத் தலையோட டாக்ஸியா ஓடின வோச்சோக்களுக்கு 2012 கடைசியில பெர்மிட் முடிஞ்சுபோச்சு. குவாவ்தெபெக் மேட்டுல மட்டும் இன்னும் ஆள் ஏத்திக்கிட்டு ஓடுது.

ஏன் இங்கே மட்டும்? இன்ஜின் பின்னாடி இருக்கு. அந்த வெயிட் எல்லாம் பின் சக்கரத்து மேல உட்காரும். இன்ஜின் இழுக்கறதும் பின் சக்கரத்தைத்தான். அதனால ஏத்தத்துல டயர் வழுக்காம கவ்வும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது, கொதிக்க எதுவுமே கிடையாது. காத்தும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்கணும்.

அங்கேதான் சிக்கலும். இந்த நகரம் கடல் மட்டத்துக்கு மேல 2,240 மீட்டர்ல இருக்கு. காத்தோட அடர்த்தி கடற்கரையில இருக்கிறதுல முக்கால்வாசிதான். கார்புரேட்டர் பாவம், அதுக்கு இது தெரியாது. பழைய அளவுலயே பெட்ரோலை ஊத்தும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி... ப்ளக் கரி பிடிக்கும், வண்டி திணறும். அதுக்காக சின்ன ஜெட் மாட்டுவாங்க. அதையும் தாண்டி வண்டி மிஸ்ஸிங் அடிச்சா? ஷெட் பக்கம் ஒதுங்கி நின்னு வேடிக்கை பாருங்க. காலேஜ் லேப்ல கிடைக்காத பாடம்!

விஷயம் தெரிஞ்ச மெக்கானிக் முதல்ல கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். தொடணும்னு கை பரபரக்கும்தான். கண்ணுக்கு நேரா ரெண்டு ஸ்க்ரூ தெரியுதே! ஆனா, அதைத் திருகி வெச்சிட்டா உண்மையான கோளாறு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். அவர் பண்றது ரொம்ப சிம்பிள். இன்ஜினை ஓடவிட்டு, ப்ளக் வயரை ஒவ்வொண்ணா உருவுவார். உருவினதும் இன்ஜின் இன்னும் தள்ளாடினா, அந்த சிலிண்டர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். உருவியும் சத்தத்துல மாற்றமே இல்லைன்னா... மாட்டினான் குற்றவாளி! (ஷாக் அடிக்கும் மக்களே, இன்சுலேட் பண்ணின பிளையர் இல்லாம நீங்க ட்ரை பண்ணாதீங்க.)

பெரும்பாலும் சந்தேகம் விழறது மூணாம் நம்பர் சிலிண்டர் மேல. பழைய மாடல்கள்ல ஆயில் கூலர் அதோட வழியை மறிச்சு நிக்கும். பாவம், அதுக்குக் கிடைக்கிறது சுட்ட காத்து. அதனால அங்கே எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் கருகும்.

அடுத்தது டேப்பட். இன்ஜின் சுத்தமா ஆறினதுக்கு அப்புறம்தான் கை வைப்பாங்க. ராத்திரி நிறுத்தின வண்டியை விடிகாலையில பார்க்கறது உத்தமம். ஃபீலர் கேஜ் வெச்சா 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். டிக் டிக்னு சத்தம் போடுற வால்வைப் பார்த்து பயப்பட வேண்டாம். சத்தமே போடாத வால்வுதான் வில்லன். இடைவெளி இல்லாம இறுகிப்போய், சரியா மூடாம, சூட்டுல கருகிக்கிட்டு இருக்கும்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி பாயின்ட்ஸ் பார்ப்பாங்க. இடைவெளி 0.4 மில்லிமீட்டர். அதை மாத்தினா டைமிங்கும் நகரும். அதனால டைமிங் எப்பவும் பாயின்ட்ஸுக்கு அப்புறம்தான். இதைத் தலைகீழா செஞ்சிட்டு, 'வண்டியில பிசாசு இருக்கு'ன்னு சொல்றவங்க எல்லா நாட்டுலயும் உண்டு.

ஐட்லிங்ல மட்டும் அணைஞ்சு அணைஞ்சு போகுதா? கார்புரேட்டர் பக்கத்துல ஒத்தை வயரோட ஒரு குட்டி சோலனாய்டு இருக்கும். சாவியைப் போட்டு அந்த வயரை எடுத்துத் தொட்டா 'க்ளிக்'னு கேட்கணும். கேட்கலையா, அதுதான் கேஸ். அதுவும் ஓகேன்னா, இன்டேக் மேனிஃபோல்டு சேர்ற இடத்துல லேசா தண்ணியை ஸ்ப்ரே பண்ணிப் பார்ப்பாங்க. சத்தம் மாறினா, அந்த வழியா திருட்டுக் காத்து உள்ளே போகுது. கடைசியா... ஆமா, கடைசியாத்தான் கார்புரேட்டர் ஸ்க்ரூ!

இதுக்கு கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், டெஸ்ட் லைட், காது. ஆனா இதை விளையாட்டுன்னு நெனச்சுடாதீங்க. மிஸ்ஸிங் அடிக்கிற வண்டி பெட்ரோலைக் குடிக்கும், ஏத்தத்துல நின்னுடும். ஒரு நாள் ஷெட்ல நின்னா, அன்னிக்கு டிரைவர் வீட்டுக்கு வருமானம் இல்லை. புகைப் பரிசோதனையிலயும் தேறாது. 1989-லிருந்து வண்டிகளை முறை வெச்சு தெருவுல இறங்க விடாத ஊர் இது. புது வோச்சோ வரப்போறதில்லை, தரமான ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறதும் வர வர கஷ்டமாகுது. இந்த வண்டியைக் காதால கேட்டே புரிஞ்சுக்கிற ஆட்களுக்கும் வயசாகுது.

சரி, ஒரு வோச்சோவைக் கை காட்டி நிறுத்தி ஏறுங்க. டேஷ்போர்டுல ஒரு சின்ன சிவப்பு லைட் இருக்கு, அது மேல ஒரு கண் வைங்க. பாதி ஏத்தத்துல அது எரிஞ்சா, ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம். டைனமோவையும் கூலிங் ஃபேனையும் சுத்துறது அந்த ஒரே பெல்ட்தான். காத்து நின்னா இன்ஜின் சில நிமிஷத்துல வெந்துடும். டிரைவர் அந்த இடத்துலயே ஓரம்கட்டி, டிக்கியில கிடக்கிற ஸ்பேர் பெல்ட்டைத் தேடுவார். நல்ல டிரைவர்னா இருபது நிமிஷ வேலை. அதுவரைக்கும் மேலே அண்ணாந்து கேபிள்பஸ்ஸை எண்ணிக்கிட்டு இருங்க!