ஜில்லா போர்டு போட்ட ரயில்

ரயில் என்றாலே வெள்ளைக்காரக் கம்பெனி போட்டது என்றுதான் பலருக்கும் நினைப்பு. மாயவரம்–முத்துப்பேட்டை பாதை அப்படியல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்து 1894இல் திறந்த பாதை அது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, காசு டெல்டாக்காரர்களுடையது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி 1903இல் அறந்தாங்கியைத் தொட்டது. அங்கிருந்து காரைக்குடிக்குப் போக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

திருத்துறைப்பூண்டியில் பிரிந்த கிளை வேதாரண்யத்து உப்பைச் சுமந்தது.

பிறகு இந்தப் பாதைகளை அகலப்பாதைப் பணிக்காக மூடினார்கள். வருஷக்கணக்கில் இழுத்தடித்து, 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி வண்டி மறுபடி கிளம்பியபோது கேட்களுக்கு ஆளில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கேட் கீப்பரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிப்போய்ப் பூட்டுவார். வண்டி கேட்டைக் கடந்து மறுபடி நிற்கும்; பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். பஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரையிலான அந்த 37 கிலோமீட்டர் கிளை 2023 ஏப்ரலில் உயிர்பெற்றது.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த பாதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1980களில் நிறுத்தியதோடு சரி, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். தரங்கம்பாடிக்காரர்கள் இன்றும் வெளியூர் போய்த்தான் ரயிலேறுகிறார்கள்.