எஞ்சின் நின்ற பிறகு

பழைய அம்பாஸடர் ஒன்றுக்குள் வேறொரு எஞ்சினைப் பொருத்துவது அப்படியொன்றும் அரிய காரியமல்ல. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அதைச் செய்து காட்டியிருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அந்த உடலுக்குள் பல்லாண்டு காலம் 1489 சி.சி. பிரிட்டிஷ் எஞ்சினை வைத்திருந்தவர்கள், 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய அதே உடலுக்குள் 1817 சி.சி. இசுஸு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்தார்கள். பின்னர் அந்த எஞ்சினே கார்புரேட்டரைத் துறந்து, கணினியின் சொற்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறியது. 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோகும்வரை அம்பாஸடர் இப்படிப் பல இதயங்களோடு வாழ்ந்த வண்டி. ஆகவே எழுபதுகளின் வண்டியொன்றில் இசுஸு எஞ்சினை வைக்க விரும்புகிறவருக்கு இரும்பு பெரும்பாலும் ஒத்துழைத்துவிடும். மவுண்டிங், கியர் லீவர் வெளிவரும் இடம், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் எல்லாம் அளந்து வெட்டிப் பற்றவைக்கக்கூடியவை. தகராறு செய்வது ஒயரிங்தான்.

என் அத்தானின் 1976ஆம் வருடத்து வண்டியில் இதை நான்கு மாதம் அருகிலிருந்து பார்த்தேன். எஞ்சின் புதுப்பேட்டையில் வாங்கியது. கணினிப் பெட்டியும் அதன் ஒயரிங் செட்டும் கூடவே கிடைத்ததை அத்தான் பெரும் அதிர்ஷ்டமாகக் கருதினார். ஒரே வாரத்தில் எஞ்சின் உள்ளே இறங்கிவிட்டது. மீதி மூன்றே முக்கால் மாதமும் கம்பிகளுக்குப் போயிற்று. விற்றுத் தொலைத்துவிடலாம் என்பது அக்காவின் கட்சி. பேத்தியின் காதுகுத்துக்கு எல்லோரும் அந்த வண்டியிலேயே கும்பகோணம் போகவேண்டும் என்பது அத்தானின் கட்சி. நான் இரு தரப்புக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பவனாக இருந்தேன்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கம்பியின் நிறத்துக்குப் பொருள் உண்டு. பழுப்பு என்றால் ஃப்யூஸ் இல்லாமல் பாட்டரியிலிருந்து வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பியதும் உயிர்பெறுவது. பச்சை, அதே மின்சாரம் ஃப்யூஸைக் கடந்த பின். கறுப்பு, எர்த். சில ஜப்பானிய வண்டிகளிலோ கறுப்பில் மஞ்சள் கோடு போட்டிருந்தால் அது இக்னிஷன். கறுப்புத்தானே என்று அதை எர்த்தில் முறுக்கிவிட்டால் அடுத்த கணம் புகைதான். இதை மொழிபெயர்ப்போடு ஒப்பிடும் ஆசை எழுகிறது; அடக்கிக்கொள்கிறேன்.

நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டாலும் கம்பியின் பருமன் இருக்கிறது. பழைய வண்டியில் மின்சாரம் தருவது டைனமோ. அதிகபட்சம் 22 ஆம்பியர் அளவில் நின்றுவிடும். அந்த மின்சாரம் கட்-அவுட் பெட்டியைத் தாண்டி, டேஷ்போர்டிலிருக்கும் ஆம்மீட்டருக்குள் நுழைந்து வெளிவந்து பாட்டரியை அடையும். புது எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரவல்லது. அதைப் பழைய கம்பியிலேயே இணைத்தால் வண்டி ஓடும். பாட்டரி இறங்கிப்போன ஒரு நாளில், மொத்த மின்சாரமும் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருக்கும் நாற்பது வருடக் கம்பியின் வழியே பாயும்போது, அதன் உறை உருகத் தொடங்கும். எனவே ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குத் தனியாக ஒரு தடித்த கம்பி, இடையில் தகுந்த ஃப்யூஸ், ஆம்மீட்டருக்கு ஓய்வு. ஆனால் டேஷ்போர்டின் சிறிய சிவப்பு சார்ஜிங் விளக்கை மட்டும் தூக்கி எறியக்கூடாது. பல ஆல்டர்னேட்டர்கள் விழித்தெழுவதற்கான முதல் மின்சாரமே அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. விளக்கு கருகினால் சார்ஜும் நிற்கலாம். விளக்கு வெறும் அறிவிப்பாளர் என்றே நான் நினைத்திருந்தேன்.

எர்த்தின் கதை இன்னும் விசித்திரமானது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பரின்மேல். அதிலிருந்து உடலுக்கு ஒரு தடித்த பட்டை போடாவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர்கள் திரும்பிப்போக வழிதேடி ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ ஸ்பீடோமீட்டர் கேபிளையோ பிடித்துக்கொள்ளும். அவை சூடேறிச் சிவந்துபோவதுண்டு.

வேலையை முதலில் எடுத்தவர்கள் இதையெல்லாம் ஒருவாறு முடித்து வண்டியை ஓட்டியும் காட்டினார்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் எடுக்காது, கையைத் தளர்த்தும் நொடியில் எடுத்துக்கொள்ளும். இந்தச் சிறு குறைக்காகத்தான் வண்டி எலக்ட்ரீஷியன் பாயிடம் வந்தது. அவருக்கு அறுபது வயதிருக்கும். டெஸ்ட் லேம்பைப் பேனாவைப்போலக் காதில் செருகியிருப்பார். காரணத்தை அவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். கணினிக்கான மின்சாரத்தை ரேடியோவுக்குப் போகும் முனையிலிருந்து எடுத்திருந்தார்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் சாவி அந்த முனையை அணைத்துவிடும். அதை மாற்றி எஞ்சினை எடுத்ததும் அத்தான் பணத்தை எண்ணத் தொடங்கினார்.

பாய் இறங்கவில்லை. முதல் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, எஞ்சின் நின்றது. சாவி திரும்பியபடியே இருந்தது. "கேக்குதா சார்?" என்றார். பின்னால் டிக்கிப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம். பெட்ரோல் பம்பு.

கார்புரேட்டர் வண்டியில் பம்பை இயக்குவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். எம்.பி.எஃப்.ஐ.க்கு வேண்டியது மின்சாரப் பம்பு. அது மூன்று பார் அளவு அழுத்தத்தில், பழைய பம்பைப்போல் பத்து மடங்குக்கும் மேலாக, பெட்ரோலைத் தள்ளும். அதனால்தான் அதன் ரிலேயைக் கணினி தன் கையில் வைத்துக்கொள்கிறது. சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி ஓடவிடும். பிறகு எஞ்சின் சுழல்கிறது என்ற செய்தி வந்தால் மட்டுமே தொடரும். வண்டி மோதி எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் அடங்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். முன்னவர்கள் அந்த ரிலேயின் கம்பியைத் தேடிச் சலித்துப்போய், பம்பை நேராக இக்னிஷனில் இணைத்துவிட்டிருந்தார்கள். குழாய் அறுந்து, உள்ளிருப்பவர்கள் சாவியை எட்டமுடியாத நிலையில் இருந்தால், அது டாங்கு காலியாகும்வரை சூடான எஞ்சின்மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும்.

"நல்லாத்தானே ஓடிச்சு பாய்?" என்றார் அத்தான்.

"ஓடுறது பெரிசில்ல சார். நிக்கணும்ல?"

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. வண்டியை அன்று தரவும் மறுத்துவிட்டார். கணினியின் இத்தனை முனைகளில் பம்பு ரிலேயை ஆள்வது எது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. அதே மாதிரி வண்டி வைத்திருந்த ஒருவரிடம் போய், கம்பி கம்பியாகப் பார்த்து, ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரைந்துகொண்டு வந்தார். கூடவே, மோதலின் அதிர்ச்சியில் தானே விழுந்து பம்பின் மின்சாரத்தை அறுக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் புதுப்பேட்டையிலிருந்து வாங்கி டிக்கிக்குள் பொருத்தினார். பில்லில் அந்த ஒன்பது நாளுக்கு அவர் போட்ட தொகையைப் பார்த்து எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வண்டியை எடுக்க அக்காவும் வந்திருந்தாள். பாய் மறுபடி எஞ்சினை இழுத்து நிறுத்திக் காட்டினார். பின்னிருக்கையில் உட்கார்ந்து கேட்டாள். சத்தமில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள்.

கும்பகோணத்துக்கு உழவன் எக்ஸ்பிரஸில்தான் போனோம். எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறவேண்டும், 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அந்த விஷயத்தில் கறாரானது, ஏறாத எஞ்சினோடு போய் ஏதேனும் நேர்ந்தால் இன்ஷூரன்ஸில் வழக்காகிவிடும். அத்தான் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டிய தேதி காதுகுத்துக்கு மறுவாரம்தான் கிடைத்திருந்தது. ரயிலில் அத்தான் யாரோடும் அதிகம் பேசவில்லை. அக்காதான் எதிர் இருக்கைக்காரரிடம் பெட்ரோல் பம்பைப் பற்றி விழுப்புரம்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.