கண்தானமும் ஏட்டுத்தானமும்

தானம் என்பது இலங்கையர்க்குப் புதிதன்று. 1961ஆம் ஆண்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கத்தின் வாயிலாக இந்நாட்டவரின் விழிகள் கடல் கடந்து சென்று அந்நியர்க்கு ஒளி தந்துள்ளன. இறந்தபின் கண்ணை ஈவதற்குத் தயங்காத இம்மக்களிடம், உயிரோடிருக்கும்போதே தம் நோயின் வரலாற்றை ஆராய்ச்சிக்கு ஈவீர்களா என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு நோய்க்குறிப்பு என்பது கையிற் கொண்டு திரியும் பொருள். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் விடியற்காலையே வரிசையில் நிற்கும் முதிய துறைமுகத் தொழிலாளியை நோக்குக. அவர் கையிலுள்ள பொலித்தீன் பைக்குள் ஓரம் மடங்கிய கொப்பி ஒன்று. பல்லாண்டுக் குருதி அமுக்கமும் சீனியின் அளவும் அதில் ஏறி இறங்கியிருக்கின்றன. கொப்பி அவருடையது, அதிலுள்ள ஆங்கிலம் அவருடையதன்று. தம்மால் வாசிக்க இயலாத தம் சரித்திரத்தை மழையில் நனையாமற் காப்பதே அவர் செய்யக்கூடியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையைச் சிதைத்தபோது இத்தகைய ஏடுகள் எத்தனை கடலோடு போயினவோ! குறிப்புகளைக் கணனியிற் பேணவேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அவை ஒன்றுதிரண்டால் விளையும் பயனும் சிறிதன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, இம்மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரப் பக்கத்தையும் வாட்டும் காரணம் தெளியாத சிறுநீரக நோயை எண்ணுக. குடிநீர், வெயில், வேளாண்மை இரசாயனங்கள் என ஐயங்கள் பல எழுந்தும் முடிபு எட்டப்படவில்லை. ஓசையின்றி வளரும் அந்நோய் வெளிப்படும் வேளையிற் சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றிருக்கும். ஆகவே, ஒருவர் நலமாயிருந்த ஆண்டுகளிற் பதியப்பட்ட குருதிச் சோதனை முடிவுகளே ஆய்வாளர்க்குப் பொன் போன்றவை.

பிரித்தானியாவில் 2006 முதல் 2010 வரை, 40க்கும் 69க்கும் இடைப்பட்ட வயதினர் ஐந்து இலட்சம் பேர், தம் மருத்துவக் குறிப்புகளை ஆராய இசைவளித்து யூகே பயோபாங்க் திட்டத்திற் சேர்ந்தனர். அதே நாட்டில், மறுத்துரைத்தாலன்றி எல்லோருடைய குறிப்புகளையும் திரட்ட முற்பட்ட கெயார்.டேட்டா திட்டமோ பெரும் எதிர்ப்புக்குள்ளாகி 2016இற் கைவிடப்பட்டது.

பெயரை நீக்கிவிட்டால் அச்சமில்லை என்பர். பெருநகரில் அது ஓரளவு பொருந்தலாம். சிறியதொரு மீனவர் குடியிருப்பிலோ, 'ஐம்பது வயது, சுழியோடி, ஒரு கால் இழந்தவர்' என்ற சொற்கள் பெயரினுந் தெளிவாக ஆளைக் காட்டிவிடும். பட்டியல் என்றாலே அஞ்சக் கற்ற தலைமுறை ஒன்று இம்மண்ணில் வாழ்கின்றது என்பதையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுக்குச் சிறப்பிடம் அளித்துள்ளது. ஆயினும் கிளினிக் வரிசையில் நிற்பவர்க்குச் சட்டம் தொலைவில் உள்ளது, வைத்தியர் அருகில் இருக்கிறார்.

சிக்கலும் அங்கேதான். மருந்து எழுதும் கையே இசைவுப் பத்திரத்தையும் நீட்டினால், "ஐயா சொன்னாற் சரி" என்று அம்முதியவர் ஒப்பமிடுவார். அதனைத் தானம் என்பது பொருந்தாது. கேட்பவர் அவருக்கு வைத்தியம் பார்ப்பவராக இருத்தலாகாது. பத்திரம் தமிழிலும் சிங்களத்திலும் அமைந்து, உரக்க வாசித்துக் காட்டப்பட வேண்டும். வேண்டாம் என்றாலும் மருந்து நிற்காது, தந்ததைப் பின்னர் மீளப் பெறலாம் என்னும் இரண்டையும் அவர் தம் வாயாலேயே திருப்பிச் சொன்ன பிறகு பேனையைக் கொடுக்கலாம்.