ஒன்பது வினாடி

கோவைக்குத் தெற்கே, செட்டிப்பாளையம் பக்கம் ஒரு பட்டறை. கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் அருகில்தான் இருக்கிறது. நான் போனபோது காலை எட்டரை மணி. தரைக்குள் பதித்த இரண்டு பெரிய இரும்பு உருளைகள் கொண்ட டைனோவின் மேல் ஒரு டர்போ பெட்ரோல் கார் நின்றது. ஐடிஐ முடித்த பையன் ஒருவன் நான்கு மூலைகளிலும் ராட்செட் பெல்ட்டை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெல்ட்டையும் இரண்டு முறை தட்டிப் பார்த்தான். முழு வேகத்தில் உருளை சுழலும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு பெல்ட்டுகள்தான்.

வண்டியின் குறை இது: நெடுஞ்சாலையில் முந்தும்போது நடுவில் ஒரு நொடி இழுவை தளர்கிறது, பிறகு தானே சரியாகிவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே, இன்ஜின் கணினியின் அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, லேப்டாப்பில் உட்கார்ந்தார் டிப்ளமோ படித்த இளைஞர். பட்டியலில் இருபது அளவுகள்: இன்ஜின் சுழற்சி, கூலன்ட் வெப்பம், பேட்டரி வோல்ட், ஃப்யூயல் டிரிம், ஆக்சிஜன் சென்சார் என எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது. எதுவும் தப்பிவிடக் கூடாது என்ற கவனம் அது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

முதல் ஓட்டம். நான்காவது கியர், மிதி முழுக்க கீழே. 2000 ஆர்பிஎம்மில் தொடங்கி 6500 தொட ஒன்பது வினாடி. முன்னால் வைத்த பெரிய விசிறியின் காற்றையும் மீறி எக்ஸாஸ்டின் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பிறகு அமைதி. திரையில் இருபது கோடுகளும் வழுக்கிக்கொண்டு ஏறியிருந்தன. குறை எங்கும் தெரியவில்லை.

பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர்; பையன்கள் அண்ணா என்கிறார்கள். திரையைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எனக்காகவே கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இந்த அடாப்டர் ஒரு வினாடிக்கு இருபது பதில் வாங்கித் தருதுன்னு வெச்சுக்கங்க சார். இருபது கேள்வி கேட்டா, ஒவ்வொண்ணுக்கும் வினாடிக்கு ஒரு பதில்தான். அந்த ஒரு வினாடியில இன்ஜின் ஐநூறு ஆர்பிஎம் ஏறிடுதுங்க. நடுவுல நடந்தது நமக்கு எப்படித் தெரியும்?"

திரையில் தெரிந்த கோடு, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் இழுத்தது. அங்கே இன்ஜின் என்ன செய்தது என்பது அந்தக் கோட்டில் இல்லை. இன்னொன்றையும் காட்டினார். பதிவுக் கோப்பில் ஒரே வரிசையில் இருக்கும் இருபது எண்களும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. ஸ்கேனர் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்குகிறது. வரிசையின் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு வினாடி ஓடியிருக்கும். 4000 ஆர்பிஎம்மில் வாங்கிய சுழற்சியும், 4450-ல் வாங்கிய பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து டியூனிங் மாற்றினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும்.

அடுத்து இருவரும் பட்டியலை வெட்டத் தொடங்கினார்கள். அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. கூலன்ட் வெப்பம் ஒன்பது வினாடியில் பெரிதாக மாறாது. ஓட்டத்துக்கு முன் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதினால் போதும். முழு மிதியில் இன்ஜின் கணினியான இசியு எரிபொருளை வேண்டுமென்றே செறிவாக்கி ஊற்றும்போது, ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுத் திருத்தும் வேலையை நிறுத்திவிடுகிறது. அதனால் ஃப்யூயல் டிரிம் அங்கே பேசாது. வண்டியின் சாதாரண ஆக்சிஜன் சென்சாரும் செறிவு என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு எக்ஸாஸ்டில் தனி வைட்பேண்ட் சென்சார் இருக்கிறது. அதுவும் புகை வந்து சேரும் தூரத்துக்கு ஏற்ப ஒரு கணம் பிந்தித்தான் சொல்லும்.

மிஞ்சியவை ஐந்து: சுழற்சி, இக்னிஷன் டைமிங், இன்டேக் அழுத்தம், த்ராட்டில், உள்ளே போகும் காற்றின் வெப்பம். இனி ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு நான்கு பதில். 125 ஆர்பிஎம்முக்கு ஒரு புள்ளி. டைனோ திரையில் வளைவை மெழுகிக் காட்டும் ஸ்மூத்திங் 5-ல் இருந்தது. அதை 1-க்கு இறக்கினார் இளைஞர். பதிவை மிதி அழுத்துவதற்கு இரண்டு வினாடி முன்பே தொடங்கும்படி வைத்தார்.

இரண்டாவது ஓட்டத்தில் அது அகப்பட்டது. 4400-லிருந்து 4750 வரை இக்னிஷன் டைமிங் 13 டிகிரியிலிருந்து 7-க்கு இறங்கி மறுபடி ஏறியிருந்தது. டைனோவின் டார்க் (முறுக்குவிசை) கோட்டில் அதே இடத்தில் ஒரு பள்ளம். முழுதும் முக்கால் வினாடிகூட இல்லை. முதல் ஓட்டத்தில் இரண்டு பதில்களுக்கு நடுவே அது நழுவிப் போயிருந்தது. எரிபொருள் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வருகிறது என்று இசியு பயந்து தீப்பொறியைத் தள்ளிப்போடும் அடையாளம் அது.

உரிமையாளர் போடுவது சாதாரண பெட்ரோல். டேங்கைக் காலி செய்து, நாக்கிங்கைத் தாங்கும் ஆக்டேன் கூடிய பெட்ரோலை நிரப்பினார்கள். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்கள். மூன்றாவது ஓட்டத்தில் பள்ளம் இல்லை. பையன் கைதட்டினான். அண்ணா இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பதிவுகளிலும் உள்ளே போன காற்றின் வெப்பத்தை விரலால் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். காற்று குளிர்ந்திருந்தாலும் நாக்கிங் அடங்கும். அப்படியானால் பெட்ரோல்தான் குணமாக்கியது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே அளவில் இருந்தன. ஐந்தாவதாக அந்த அளவை விட்டுவைத்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னொரு ஓட்டம் ஓட்டி, அதே முடிவு வந்த பிறகுதான் பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னார்.

டைனோ என்றால் குதிரைத்திறன் எண்ணை அச்சடித்துத் தரும் இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டறையில் அந்த எண்ணைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேச்சு முழுக்க எதைக் கேட்பது, எதை விடுவது என்பதைப் பற்றியே இருந்தது. வேகமான அடாப்டர் வரலாம். கேன் (CAN) தகவல் இணைப்புள்ள புதிய வண்டிகளில் ஒரே கேள்வியில் ஆறு அளவுகள் வரை கேட்க முடிகிறது. அப்போதும் எதை விடலாம் என்று தெரிந்திருக்க, இன்ஜினுக்குள் நடப்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவுக்கு நாம் போதிய மரியாதை தருவதில்லை என்பது என் வருத்தம்.

மதியம் ஒரு டீசல் வண்டி வந்தது. இளைஞர் லேப்டாப்பைத் திறந்து, காலையில் தேர்ந்த ஐந்தையும் அழித்துப் பட்டியலை வெறுமையாக்கினார். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார்:

"எந்த கியர்ல, எந்த ஆர்பிஎம்ல இழுக்க மாட்டேங்குதுங்க? நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."