பிடியரிசிக்குக் கணக்கு உண்டா?

பிடியரிசித் திட்டத்தைக் கண்டுபிடித்தவர் காமராஜர் என்று ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேச்சாளர் முழங்கினார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. எனக்கு உறுத்தியது. காமராஜர் பிறந்தது 1903-ல். அவர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா 1880-களிலேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து நடத்தியதால் அதற்குப் ‘பிடியரிசிப் பள்ளிக்கூடம்’ என்றே பெயர். அந்த அரிசியில் படித்த பையன் அதைக் கண்டுபிடித்திருப்பது எப்படி?

உறுத்தலுக்கு இன்னொரு காரணம் என் ஆச்சி. எங்கள் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வாய் குறுகிய மண்கலயம் ஒன்று இருக்கும். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது. வீட்டில் அரிசி தீர்ந்து பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய நாளிலும் அந்தக் கலயத்தில் கை வைத்ததில்லை. மாதக் கடைசியில் ஒரு அம்மா சாக்கோடு வருவார். அது எங்கே போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றிய வயதில் ஆச்சி இல்லை.

விசாரிக்கத் தொடங்கினேன். ஆளுக்கு ஒரு தகப்பனைக் காட்டினார்கள். குருக்கள் நண்பர், காஞ்சிப் பெரியவர் சொன்னது என்றார். வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்து, கோயிலில் சமைத்து நிவேதனம் செய்து ஏழைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. நாசரேத்துக்கார மாமா, எங்கள் சபையில் அது காலங்காலமாக இருக்கும் காணிக்கை என்றார். பழைய சர்வோதயத் தொண்டர் ஒருவர், வினோபாவின் சர்வோதயப் பாத்திரத்தைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதிலும் வீட்டுக் குழந்தையின் கையால் போட்டால்தான் செல்லுமாம்.

யாரைக் கேட்டாலும் கடைசியில், “அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு அண்ணாச்சி இருக்கார், பழைய கணக்கெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு” என்றார்கள்.

மல்லி, வத்தல் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். நான் பிடியரிசி என்று வாயெடுத்ததும் கையமர்த்தினார்.

“பள்ளிக்கூடம் கட்டினது மகமை தம்பி. பிடியரிசி பொம்பளையாளுக சமாச்சாரம்.”

மகமையை விளக்க வேண்டியதில்லை. வியாபாரிகள் விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் எடுத்துவைக்கும் பணம். கோயில், கிணறு, பேட்டை, பிறகு பள்ளிக்கூடம் என்று உறவின்முறைகள் என்னும் சாதிச் சங்கங்கள் அதிலிருந்துதான் செய்தன. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அண்ணாச்சி விடுவதாக இல்லை. சிவப்புத் துணி போட்டுக் கட்டிய பேரேட்டைப் பிரித்து, பிள்ளையார் சுழியிலிருந்து வரி வரியாகப் படித்தார். மல்லி மூட்டைக்கு இவ்வளவு, பருத்திப் பொதிக்கு இவ்வளவு. அரிசி என்று நான் கேட்கும்போதெல்லாம் ஒரு பக்கம் பின்னால் போய் மறுபடி தொடங்கினார். மத்தியானச் சாப்பாடு முடிந்தும் படித்தார். அந்தப் பேரேட்டில் அரிசி என்ற சொல்லே இல்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அந்த எரிச்சலில் வேறு ஊர்களின் கதைகளைப் புரட்டினேன். மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்துவைப்பது 1910 முதல் நடக்கிறது. வங்காளத்தில் இதற்கு முஷ்டி பிக்ஷை என்று பெயர். திகைக்க வைத்தது லாகூர்தான். ஆரிய சமாஜத்தார் 1886-ல் அங்கே தொடங்கிய டி.ஏ.வி. பள்ளிக்கு ‘ஆட்டா நிதி’ என்று ஒன்று இருந்தது. ரொட்டிக்கு எடுக்கும் மாவில் பெண்கள் தினம் ஒரு பிடியைப் பானையில் போட்டுவைக்க, ஆள் வந்து வாங்கிப் போவார். பழைய காகிதம் சேர்த்து விற்கவும் தனி நிதி வைத்திருந்தார்கள். லாகூரில் கோதுமை மாவு, விருதுநகரில் அரிசி, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். இவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. தகப்பனைத் தேடுவதை அன்றோடு விட்டேன்.

ஒரு பிடி எவ்வளவு என்று மட்டும் பார்க்க ஆசை வந்தது. சமையலறைத் தராசில் என் பிடி 58 கிராம், மனைவியின் பிடி 41. வீட்டுக்கு 40 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 14.6 கிலோ. 500 வீடு என்றால் 7,300 கிலோ, அதாவது ஏழு டன்னுக்கு மேல். இதைக் கலயம் கலயமாகக் கவிழ்த்துத் தூக்கிச் சுமந்தது யார், எங்கே கொண்டுபோய் விற்றார்கள்? இந்தக் கேள்வியோடு மறுபடி அண்ணாச்சியிடம் போனேன்.

இந்த முறை பேரேட்டை நானே புரட்டினேன். ‘சில்லறை வரவு, பள்ளி வகை’ என்று மாதாமாதம் ஒரு வரி இருந்தது.

“இது என்ன அண்ணாச்சி?”

“அதா, அரிசி வித்த காசு.”

“அப்ப அரிசி எழுதியிருக்கே!”

“அரிசி எங்க எழுதியிருக்கு? காசுதான எழுதியிருக்கு.”

பிறகு பேச்சு தானாக வந்தது. அந்தக் காசு ஏன் கொஞ்சமாக இருக்கிறது என்று கேட்டதும், அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். புழுங்கல், பச்சை, புதுசு, பழசு, குருணை எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் அது என்ன அரிசி? உலையில் பாதி குழையும், பாதி வேகாது. சோற்றுக்கு ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். ஏலத்தில் இட்லிக் கடைக்காரர் மாவாட்ட எடுத்துக்கொள்வார், அவர் சொன்னதுதான் விலை.

சாக்கு சுமந்தது அண்ணாச்சியின் பெரியம்மா. இரண்டு தெரு அவர் பொறுப்பு. திண்ணையில் நின்று வாங்க மாட்டாராம். நேரே அடுப்படிக்குப் போய்க் கலயத்தைத் தானே கவிழ்த்துக்கொண்டு வருவார். எந்த வீட்டில் எவ்வளவு விழுந்தது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. அவருக்குத் தெரியும். கலயம் பாதியாக இருந்தால் அந்த வீட்டில் தொழில் படுத்துவிட்டது, இல்லை ஆள் படுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அண்ணாச்சியின் அப்பாவிடம், இன்னார் கடை பாக்கியை இந்த மாசம் கேட்காதே என்பாராம். வேறு எதுவும் சொல்ல மாட்டாராம்.

வசூலுக்குப் போகிறவரைப் பற்றி எழுதும் நாம் எவ்வளவு சேர்ந்தது என்றே கேட்கிறோம். அந்த அம்மா குறைந்ததைக் கவனித்திருக்கிறார். எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பத்தி கிடையாது.

மேடைப் பேச்சாளரின் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் இதற்கிடையில் புரிந்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது, பல ஊர்களில் ஊரார் கொடுத்ததை வைத்தே அடுப்பு மூட்டினார்கள். பின்னால் ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 காசு, ஊர் 4 காசு என்று ஏற்பாடாயிற்று. அந்த 4 காசில் ஒரு பங்கு அரிசியாகவும் காய்கறியாகவும் வந்தது. பழைய கலயத்துக்கு அப்போது காமராஜர் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. பேச்சாளரை மன்னித்துவிட்டேன்.

அண்ணாச்சி என்னை அவ்வளவு சுலபமாக விடவில்லை. “எழுதுறதா இருந்தா மகமையை முதல்ல எழுதுங்க” என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ரசீது புத்தகத்தை எடுத்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டுகிறார்களாம்.

“உங்க வீட்ல சம்பாதிக்கிறவங்க எத்தனை பேர்?”

“ரெண்டு பேர், அண்ணாச்சி.”

எவ்வளவு தருகிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பெருக்கித் தொகையை எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினார்.