ஒரு மாத்திரை வேற்றுமை

‘மாட்டேன்’ என்னும் பொருளில் ஆங்கிலேயர் பேச்சில் வழங்கும் ‘வோன்ட்’ என்ற சொல்லை யாவரும் அறிவர். ‘வில்’, ‘நொட்’ என்னும் இரு சொற்களின் குறுக்கம் அது. ‘வில்’ என்பதிலே இல்லாத ஓகாரம் குறுக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று மாணவர் என்னிடம் வினவுவதுண்டு. தமிழாசிரியனிடம் ஏன் இவ்வினா என்று நான் கடிவதில்லை. மரூஉ மொழிகளைக் கற்பிப்பவனுக்கு இதில் விருப்பம் உண்டாதல் இயல்பே.

இடைக்கால ஆங்கிலத்தில் ‘வில்’ என்பதற்கு ‘வொல்’ என்றொரு வடிவமும் இருந்தது. அதனோடு எதிர்மறைச் சொல் புணர்ந்து, இடையில் நின்ற லகரம் கெட்டு, 17ஆம் நூற்றாண்டில் ‘வோன்ட்’ ஆயிற்று. தாய் மறைந்தது, பிள்ளை வாழ்கின்றது. இத்தகைய குறுக்கங்கள் மொழியின் இன்னோசையைக் கெடுத்தன என்று 1711இல் ‘ஸ்பெக்டேற்றர்’ இதழில் அடிசன் என்னும் புலவர் நொந்துகொண்டார். நம் நன்னூலாரோ மரூஉவை இயல்பு வழக்கினுள்ளேயே அமைத்தார். ‘அருமருந்தன்ன பிள்ளை’ ‘அருமந்த பிள்ளை’ ஆனமைக்கு நம்மில் எவர் வருந்தினார்?

ஆயினும் நம்மவர்க்கு இடர் தருவது பிறப்பன்று, உச்சரிப்பே. ‘வேண்டும்’ எனப் பொருள்படும் சொல்லை இங்கிலாந்து வழக்கில் ‘வொன்ட்’ எனக் குறிலாக ஒலிப்பர். குறில் நெடிலாயின் விருப்பம் மறுப்பாகிவிடும். என்னிடம் பயின்ற ஒருவன் உத்தியோக நேர்முகத்தில், தூரத்து ஊருக்குச் செல்ல இசைவாயோ என்று கேட்கப்பட்டபோது, ‘விரும்புகிறேன் ஐயா’ என்று சொல்ல எண்ணி அச்சொல்லை நீட்டிவிட்டான். கேட்டவர் தாளைப் புரட்டினார். அருகிருந்தவர் மறுமுறை வினவியிராவிடின் அவ்வுத்தியோகம் அன்றே கைநழுவியிருக்கும்.

குறிலும் நெடிலும் நமக்குப் புதியனவல்ல. சுவடிகளிலே எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டு வந்தமையால் நேர்ந்த மயக்கத்தை நீக்கவே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வரிவடிவைத் திருத்தினார். அத்திருத்தத்தின் பயனை நாள்தோறும் துய்க்கும் நாம், ஆங்கிலம் பேசும்போது மட்டும் அதனை மறந்துவிடுகின்றோம்.

மற்றொன்று: ‘வோன்ட்’ ஓரசைச் சொல். வல்லின மெய்யில் சொல்லை முடித்தல் தமிழ் மரபன்று ஆதலின், நம் நா ஈற்றில் ஓர் உகரத்தை ஒட்டி ‘வோண்டு’ என்கிறது. ஆங்கிலேயனுடைய ஓரசை நம் வாயில் தேமாவாகிவிடுகின்றது!

இப்பொழுதெல்லாம் ‘கொடு, கோடு’ என்று பலமுறை சொல்வித்தபின் அவ்விரு ஆங்கிலச் சொற்களையும் சொல்லச் செய்கின்றேன். குறில் நெடில் வேற்றுமை பெரும்பாலோர்க்கு ஒரே பாடத்தில் அமைந்துவிடுகின்றது. ஈற்று உகரம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.