இன்னும் எதைப் பூசுவது?

ஒருவருடைய தலையைப் பார்த்தே அவருடைய குடியையும் குணத்தையும் அளந்துவிடலாம் என்ற எண்ணம் எமது சமுதாயத்தில் இன்னும் மடியவில்லை. எண்ணெய் வடியும் தலை, பிசுக்கேறிய தலை, கழுவாத தலை என்றெல்லாம் நாம் சொல்லும் சொற்களில் மயிரைப் பற்றிய செய்தி குறைவு. மனிதரைப் பற்றிய தீர்ப்பே அதிகம். அத்தகைய தீர்ப்பொன்றை, ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டு, நாமே வழங்கினோம். எம்மைப் போன்ற ஆசிரியர் பலர் இன்றும் காலைக் கூட்டங்களில் அதே தீர்ப்பை வழங்கி வருவதனால், நடந்ததை எழுதி வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றில் நாம் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலையிலே, பத்தாந் தரத்தில் ஒரு மாணவி. மிக மெல்லிய கூந்தல் அவளுக்கு. இரட்டைப் பின்னல் இரண்டும் ஈரம் உலராத கயிறு போலக் கிடக்கும். உச்சியில் மயிர் கற்றை கற்றையாக ஒட்டி நிற்க, இடையிடையே மண்டைத்தோல் தெரியும். "நாளைக்குத் தலை தோய்ந்துவிட்டு வா" என்று வகுப்பின் முன்னால் சொன்னோம். மறுநாளும் அவள் அவ்வாறே வந்தாள். "சொன்னது விளங்கவில்லையா?" என்று கேட்டோம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை.

நான்காம் நாள் தாய் வந்தார். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவர். கொண்டுவந்த பையைத் திறந்து, உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக மேசைமீது எடுத்து வைத்தார். ஷாம்பூப் போத்தல் இரண்டு, கண்டிஷனர் ஒன்று, பளபளப்பைத் தரும் சீரம் என்று பெயரிட்ட சிறு போத்தல் ஒன்று.

"ரீச்சர், பிள்ளை ஒவ்வொரு நாளும் விடிய எழும்பித் தலை தோயிறவள். கழுவக் கழுவத்தான் இன்னும் பிசுபிசுக்குது. கூலிக் காசிலை மிச்சம் பிடிச்சு இவ்வளவும் வாங்கிக் குடுத்திட்டன். இன்னும் என்னத்தைப் பூசுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. உண்மையில் எமது தலைமயிரும் அதே இனத்தைச் சேர்ந்ததே. எமக்கோ அதனை இறுக்கிக் கொண்டை போட்டு மறைக்கும் வயதும் உரிமையும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒளிப்பிடம் இல்லை.

தாயிடம் விசாரித்தபோது கதையின் தொடக்கம் தெரிந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்தில் அவ்வீட்டில் உடைக்கும் உடலுக்கும் தலைக்கும் ஒரே உடுப்புச் சவர்க்காரந்தான். அப்போதே மயிர் மங்கி ஒட்டத் தொடங்கியது. சற்று நிலைமை தேறியதும் தாய் ஷாம்பூ வாங்கினார். அது போதாதென்று கண்டிஷனர். அதுவும் போதாதென்று சீரம். ஒவ்வொன்றையும் முன்னையதன் குறையைத் தீர்க்கவென்றே வாங்கியிருக்கிறார்.

அன்று மாலை போத்தல்களின் பின்புறத்தில் நுண்ணிய எழுத்தில் அச்சிட்டிருந்தவற்றை வாசித்தோம். டைமெதிக்கோன், பொலிக்குவாட்டர்னியம் என்ற பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்தன. முன்னையது சிலிக்கோன் வகை, நீரில் கரையாதது, மயிரிழையின்மீது மெல்லிய படலமாகப் படிந்து வழவழப்பைத் தருவது. பின்னையது நேரேற்றம் கொண்ட பல்பகுதியம். மயிரின் மேற்பரப்போ மறையேற்றம் கொண்டது. ஆகவே இரண்டும் பற்றிக்கொள்ளும். இக்கால ஷாம்பூ பலவற்றின் நுட்பமே இதுதான். அவை கழுவும்போதே பூசுகின்றன. நீர் ஊற்றி அலசும் வேளையிலேயே பூச்சு மயிரில் இறங்குகிறது. தடித்து வறண்ட மயிருக்கும் சுருள் மயிருக்கும் இது நன்மை செய்வதை மறுப்பதற்கில்லை. ஆனால், மயிரிழையின் தடிப்பு பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை எனில், மெல்லிய மயிர் அதன் கீழெல்லையை ஒட்டி நிற்பது. தன்னைத் தாங்கும் விறைப்பு அதற்கு இல்லை. நெய்ச்சுரப்பியின் கசிவோ இழையின் மெலிவைப் பார்த்துக் குறைவதில்லை. அதன்மேல் அன்றாடம் ஒரு பூச்சும் ஏறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாய்ந்துவிடுகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது கழுவாத தலை.

இப்பூச்சுக்கு அடியில் இன்னொரு படிவும் இருந்தது. எமது குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. கிணற்று நீர் வன்னீர். சவர்க்காரம் வன்னீரிலுள்ள கல்சியத்துடன் சேரும்போது நுரை எழாது. நீரில் கரையாத வெண்படிவு உண்டாகும். வாளியின் விளிம்பில் ஒட்டும் அப்படிவே தலையிலும் ஒட்டும். இதனை வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. வன்னீர், மென்னீர் என்ற பாடத்தை நாமே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, வினாக் கேட்டு, புள்ளி இட்டு வருகிறோம். அச்சிறுமியும் அப்பாடத்தை எம்மிடமே படித்தவள். கரும்பலகைக்கும் அவள் அமர்ந்திருந்த வாங்குக்கும் இடையே பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடியை எமது அறிவு கடக்கவில்லை. எமது ஏளனம் மட்டும் கடந்து சென்றது.

பரிகாரத்தை முதலில் எமது தலையிலேயே சோதித்தோம். பிசுக்கு இயற்கை நெய்யா, பூச்சா என்று அறிய எளிய வழியுண்டு. கழுவி உலர்ந்த அன்றே மயிர் கனத்து ஒட்டினால், சீப்பின் பற்களில் சாம்பல் நிறப் பசை சேர்ந்தால், அது பெரும்பாலும் பூச்சு. அப்படியாயின் சீரத்தையும் கண்டிஷனரையும் முதலில் நிறுத்தவேண்டும். கண்டிஷனரோ சிலிக்கோனோ சேராத எளிய ஷாம்பூ ஒன்று போதும். செயற்கை அழுக்ககற்றியாகையால் அது வன்னீரில் சவர்க்காரம் போலத் திரைவதில்லை.

மழைக்காலமாகையால் ஓட்டுக்கூரைப் பீலியிலிருந்து மழைநீர் பிடித்துக்கொண்டோம். மழை இல்லாத நாட்களில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்த நீரை இறுத்தெடுக்கலாம். கேத்தலின் அடியில் வெண்மையாகப் படிவதே நீங்கிய வன்மை. அரைத் தேசிக்காயின் சாற்றை ஒரு லீற்றர் நீரில் கலந்து, முதலில் அதனைத் தலையில் ஊற்றிச் சில நிமிடம் விட்டோம். அமிலம் கல்சியப் படிவை இளக்கிவிடும். கண்ணிலும் புண்ணிலும் அது படலாகாது. நன்கு கழுவாமல் வெயிலில் போவதும் ஆகாது, தோல் வெந்து கறுத்துவிடும். பின்னர் ஷாம்பூவை இருமுறை இட்டோம். முதல் முறை நுரை வராது. அழுக்கே அதனை உண்டுவிடும். இரண்டாம் முறை நுரைக்கும். இரண்டு முறையும் நகம் படாமல், விரல் நுனிச் சதையால், அவசரமின்றித் தேய்க்கவேண்டும். ஈற்றில் மென்னீரால் நெடுநேரம் அலசவேண்டும். சீப்பையும் தலையணை உறையையும் அன்றே கழுவாவிட்டால் பழைய பிசுக்கு மீண்டும் தலைக்கு வந்துவிடும். இந்தப் பெருங்கழுவல் இரு வாரத்துக்கு ஒருமுறை போதுமானது.

அப்பச்சோடாவைப் பலர் சிபாரிசு செய்வர். அது காரம், மயிரின் மேற்செதில்களை விரியச்செய்து மெல்லிய மயிரை மேலும் நலியவைக்கும். சீயக்காயின் நிலை என்னவென்று பழமை விரும்பிகள் கேட்கலாம். அது நல்ல பொருளே. அதிலுள்ள சப்போனின் நுரைத்து நெய்யை அகற்றும். ஆயினும் சிலிக்கோன் படலத்தை எதிர்க்க அதன் வலு போதாது. படலம் போனபின் சீயக்காய்க்குத் திரும்புவோர் தாராளமாகத் திரும்பலாம். எமது பாட்டிமாருக்குச் சீயக்காய் போதியதாக இருந்தமைக்குக் காரணம், அவர்கள் தலையில் சிலிக்கோன் ஏறாமையே.

ஷாம்பூ என்ற சொல்லின் வரலாற்றையும் இங்கே நினைக்கவேண்டும். பிசைந்து அழுத்துதலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் பிறந்த சேக் டீன் மகமது என்பவர் 1814இல் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் நீராவிக் குளியலும் உடற்பிடிப்பும் கொண்ட நிலையம் திறந்து, அச்சொல்லை அந்நாட்டில் பரப்பினார். அன்று அது மனிதக் கையின் உழைப்பைக் குறித்த சொல். காலப்போக்கில் உழைப்பு நீங்கி, சரக்கு மட்டும் அச்சொல்லில் எஞ்சியது. இன்று பூச்சை விற்கும் அதே சந்தை, அப்பூச்சை உரிப்பதற்கென்று தனிப் போத்தலொன்றையும் விற்கிறது. இரண்டுக்கும் விலை கொடுப்பது ஒரே கூலிக்காரியின் கை. அவருடைய மகளின் வெட்கமே இவ்வணிகத்தின் முதலீடு. அந்த வெட்கத்தை நாம் பாடசாலைக்குள் இலவசமாக உற்பத்தி செய்து கொடுத்தோம்.

தாயும் மகளும் ஒரு சனிக்கிழமை எமது வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். தாயே மகளின் தலையைத் தேய்த்தார். முதல் கழுவலில் பாதிப் பயன்தான்; மூன்றாவது தடவைக்குப் பின்னரே இழைகள் பிரிந்து நின்றன. விளம்பரப் பெண்ணின் கூந்தலாக அது மாறிவிடவில்லை. மெல்லிய மயிர் மெல்லிய மயிராகவே இருந்தது. மறுநாள் மாலையில் சிறிது நெய்யும் கசிந்தது. அது அவளுடைய இயல்பு. அதற்கு எந்தப் போத்தலும் தேவையில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் இரண்டு சோதனைக் குழாய்களை வைத்தோம். ஒன்றில் கிணற்று நீர்; மற்றதில் மழைநீர். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரக் கரைசல் இட்டுக் குலுக்கும் வேலையை மாணவர்களிடம் விட்டோம். ஒன்று திரைந்தது, ஒன்று நுரைத்தது. பின்னர், முன்பு வகுப்பின் முன்னால் சொன்ன சொல்லை வகுப்பின் முன்னாலேயே திரும்பப் பெற்றோம். கழுவாத தலையென்று நாம் கருதியது அளவுக்கு மிஞ்சிக் கழுவப்பட்ட தலை என்றும், பிழை எம்முடையது என்றும் கூறினோம். அன்று பின்வரிசையில் எவரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவன் மட்டும் எழுந்து, தன் வீட்டுக் கிணற்று நீரையும் சோதிக்கலாமா என்று கேட்டான். மறுநாள் ஒன்பது போத்தல்களில் நீர் வந்தது. அவற்றுள் ஒன்று அந்த மாணவி கொண்டுவந்தது.